சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு: கத்தோ பிமா, நாலு விதி, பதினைந்து வயது

பதினைந்து வயதுப் பிள்ளையைச் சனிக்கிழமை மத்தியானம் தமிழ் வகுப்பில் உட்கார வைப்பது எப்படி என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும், கோயில் சங்கத்தில் யாரோ வற்புறுத்தியதால் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டுவிட்டு, இரண்டாவது வாரத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டவர்கள். நான் மொரீசியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேன். இப்போது பதினான்கு பேர், எல்லாம் பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுக்குள். வீட்டில் கிரியோல், டிவியில் பிரெஞ்சு, பரீட்சையில் ஆங்கிலம். தமிழ் அவர்களுக்கு ஐயர் மந்திரம் சொல்லும்போதும் பாட்டி திட்டும்போதும் காதில் விழுகிற மொழி, அவ்வளவுதான். காலையில் கணக்கு டியூஷன், அது முடிந்து அக்கவுண்ட்ஸ் டியூஷன், அதற்கப்புறம் நம் வகுப்பு. அம்மா அனுப்பினாள், வந்திருக்கிறார்கள். இதை முதலில் ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வயிறு

ஆரம்பத்தில் ஒன்றரை மணிக்கு வகுப்பைத் தொடங்கி மூன்று மணிக்கு இடைவேளை விட்டு அப்போது தின்பண்டம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே செய்கிறார்கள். அந்த முதல் ஒன்றரை மணி நேரம் முழுக்க வீண். ஒருவன் மேசையில் தலை சாய்த்துவிடுவான், ஒருத்தி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோம் என்று படித்திருக்கிறோம், சொல்லியும் கொடுத்திருக்கிறோம், ஆனால் எதிரில் பதினான்கு பேர் பசியோடு உட்கார்ந்திருப்பது மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாது. இப்போது வந்ததும் சாப்பாடு, கால் மணி நேரம், அப்புறம்தான் புத்தகம்.

காலை எட்டு மணிக்கு வகுப்பு வைக்கலாமே, அப்போது டியூஷன் களைப்பு இருக்காதே என்று ஒரு பெற்றோர் கேட்டார். வேண்டாம். இந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே இயற்கையாகத் தள்ளிப்போகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு முன்னால் கண் சொருகாது, காலையில் எழுப்பினால் உடம்பு மட்டும் வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014ல், பெரிய பிள்ளைகளின் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றே பரிந்துரை செய்தது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி இதுதான். முடிக்கிற நேரத்தையும் யோசியுங்கள். நம் ஊரில் ஜூன் மாதம் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். கடைசிப் பிள்ளை பஸ் ஏறி வீடு போய்ச் சேர வேண்டும், ஆகவே நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூட இழுக்காதீர்கள்.

என்ன கொடுக்கலாம்? வாங்குவதாக இருந்தால் தால் பூரியை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் கையெல்லாம் குழம்பாகி நோட்டுப் புத்தகம் மஞ்சளாகும், சட்னி ஒழுகும். வகுப்புக்கு ஏற்றது கத்தோ பிமாதான். நம் மசால் வடையின் மொரீசியஸ் தங்கச்சி. உருண்டையாக, சின்னதாக, ஒரே வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி. செய்வதும் சுலபம், ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை ராத்திரியே பருப்பை ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரை நன்றாக வடியுங்கள், நன்றாக என்றால் சல்லடையில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருகிற அளவுக்கு. கொரகொரப்பாக அரைக்க வேண்டும், அங்கங்கே முழுப் பருப்பு பல்லில் பட வேண்டும். வெங்காயத்தாள், கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், உப்பு. பிசைந்து முதலில் ஒன்றே ஒன்றை எண்ணெயில் போட்டுப் பாருங்கள். அது உதிர்ந்து எண்ணெய் முழுக்கச் சிதறினால் மாவு பிடிப்பில்லாமல் ரொம்பக் கொரகொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் மாவை எடுத்து இன்னொரு சுற்று அரைத்துக் கலந்துவிடுங்கள், பிடித்துக்கொள்ளும். ஒரு ஆளுக்கு மூன்று என்று கணக்குப் போட்டால் பதினான்கு பேருக்கு நாற்பத்திரண்டு வரும். அதை நம்பி நாற்பத்திரண்டு செய்து ஏமாந்திருக்கிறேன். அறுபது செய்யுங்கள். பதினாறு வயதுப் பையனின் வயிறு கணக்குக்கு அடங்காது.

வாராவாரம் எண்ணெய்ச் சட்டி வேண்டாம். நம் தீவில் பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. எந்த வீட்டில் கேட்டாலும் தாத்தாவோ அத்தையோ மாத்திரை போடுகிறார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் ஒரு வாரம், சோளம் கிடைக்கிற காலத்தில் சோளம், வேர்க்கடலை ஒரு வாரம் (யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோரிடம் முன்னாலேயே கேட்டுவிட்டுத்தான்), குளிர்காலம் தொடங்கும்போது சிவப்புச் சீனக் கொய்யா, அதற்கு உப்பும் மிளகாயும். குடிக்கத் தண்ணீர் மட்டும். கோலா கொண்டு வந்தால் பையிலேயே இருக்கட்டும். அவரவர் டம்ளரை அவரவர் கொண்டு வரச் சொல்லுங்கள், 2021ல் தடை வந்த பிறகு பிளாஸ்டிக் கப் வாங்கவும் முடியாது.

இன்னொன்று. தைப்பூசக் காவடிக்கு முன்னால் பத்து நாளும் புரட்டாசி மாதமும் பாதிப் பிள்ளைகள் விரதம். அப்போது முட்டை போட்ட கேக்கைக் கொண்டு போய் வைத்தால், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் அந்தப் பிள்ளைகள் படுகிற சங்கடம் முகத்தில் தெரியும். மாவு, வெண்ணெய், ஜாம், மேலே ரோஸ் கலர் சீனிப் பூச்சு என்று இருக்கிற நாப்போலித்தேனில் முட்டை இல்லை, இனிப்பு கேட்டு நச்சரித்தால் அதை வாங்குங்கள். விரதக் காலத்தில் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வடையை லஞ்சமாக்கிய கதை

இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்றாவது வருஷமோ என்னவோ, யாருமே எழுத மாட்டேன் என்கிறார்களே என்று ஒரு யோசனை தோன்றியது. ஐந்து வாக்கியம் தப்பில்லாமல் எழுதினால் ஒரு கத்தோ பிமா. முதல் வாரம் அமோகம். எல்லோரும் குனிந்து எழுதுகிறார்கள், நான் கோயில் சங்கத் தலைவரிடம் பெருமை பேசினேன். இரண்டாவது வாரம் ஒரு பையன் தாளைக் கொண்டு வந்து நீட்டினான். நான் வந்தேன். நீ வந்தாய். அவன் வந்தான். அவள் வந்தாள். அது வந்தது. எண்ணிப் பாருங்கள், ஐந்து. ஒரு தப்பும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், நான் என்ன செய்வது, கொடுத்தேன். அடுத்த வாரம் வகுப்பே வந்தேன் வந்தாய் பாடியது. அதற்கடுத்த வாரம் ஒருத்தி, மூன்று வாக்கியத்துக்குப் பாதி கிடைக்குமா என்று கேட்டாள். ஒரு நாள் வடை தீர்ந்துபோன பிறகு எழுதச் சொன்னேன். யாரும் பேனாவைத் தொடவில்லை. எதற்கு, வடைதான் இல்லையே?

பிற்பாடுதான் தெரிந்தது, இதை 1973லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மார்க் லெப்பர் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட இருவரும் சேர்ந்து, படம் வரைவதில் ஆசையுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மட்டும் வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்களாம். அங்கே ஏற்கெனவே ஆசையாவது இருந்தது. என் வகுப்பில் அதுவும் இல்லை, இருந்த கொஞ்சத்தையும் நான் எண்ணெயில் பொரித்துவிட்டேன்.

ஆகவே தின்பண்டம் எல்லோருக்கும். வீட்டுப்பாடம் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும், லேட்டாக வந்தவளுக்கும், நேற்று என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவளுக்கும். வீட்டுக்கு வந்தவருக்கு என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டா காப்பி கொடுக்கிறோம்?

பரிமாறுகிற வேலை

ஆனால் ஒரு காரியம் செய்கிறேன். பரிமாறுவது நான் இல்லை. வாரம் இரண்டு பேர், முறை வைத்து. தட்டை நடுவில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவதில்லை. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுப் போட வேண்டும், தமிழில். வேணுமா, இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா, காரமா இருக்கா, போதுமா. பதிலும் தமிழில். போதும், வேண்டாம், இன்னும் கொஞ்சம், எனக்குச் சட்னி வேண்டாம். வார்த்தை வராவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எடுத்துக் கொடுப்பான், வடை எப்படியும் கிடைத்துவிடும். இந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் பேசுகிற தமிழ், பாடப் புத்தகத்தின் மூன்று பாடத்துக்குச் சமம். யாரும் சொல்லித் தராமலே வைக்கட்டுமா என்ற சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு எழுதட்டுமா, போகட்டுமா, படிக்கட்டுமா என்று போய்விட்டார்கள். இலக்கணத்தை அப்புறம் பலகையில் எழுதினேன், ஏற்கெனவே தெரிந்தவர் முகத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

கடைசி வடை ஒன்று தட்டில் தனியாக நிற்கும் பாருங்கள், அதை யாரும் எடுக்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் அதன் மேல். உனக்கு வேணுமா, இல்லை நீ எடுத்துக்கோ, இல்லை இல்லை நீ. போன வருஷம் ஒரு பெண் அதைக் கையால் ஐந்து துண்டாகப் பிய்த்து, ஆளுக்கு ஒரு கடலை அளவு கொடுத்துவிட்டுத் தன் விரலைச் சப்பிக்கொண்டாள்.

இப்படிப் பழகியவர்கள்தான் பிறகு கோயிலில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு வாளி தூக்கிக்கொண்டு வரிசையில் போனார்கள். வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, ரசம் ஊத்தட்டுமா பாட்டி என்று பையன் கேட்டதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று தமிழிலேயே கேட்டார். அவன் அன்று முழுக்க ரசவாளியை யாரிடமும் கொடுக்கவில்லை.

விதி என்றால்

அதிகம் வேண்டாம். என் முதல் வருஷத்து விதித் தாளில் பதினேழு இருந்தது, எனக்கே நினைவில்லை. இப்போது நாலு, அதுவும் ஜனவரி முதல் வகுப்பில் அவர்களே பேசி எழுதியது. நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வேன், மற்றதை அவர்கள் வெட்டலாம், மாற்றலாம். அவர்களை எழுத விட்டால் நம்மைவிடக் கடுமையாக எழுதுவார்கள், ஜாக்கிரதை. ஒரு வருஷம், லேட்டாக வந்தால் ஐம்பது ரூபாய் அபராதம் என்று எழுதினார்கள், பஸ் உன் கையிலா இருக்கிறது என்று கேட்டு நான்தான் அந்த வரியை அடித்துவிட வேண்டியிருந்தது.

நான் பிடித்துக்கொள்கிற விதி இது: தெரியாவிட்டால் தெரியாது என்று தமிழில் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்கி, கிரியோலில் மோ பா கொனே என்பது இந்த வயதின் தேசிய கீதம். அதையே தமிழில் சொன்னால் அது பதில், முழு மதிப்பெண். எனக்குத் தெரியாது மிஸ், நீங்க சொல்லுங்க. போதும், பேச்சு தொடங்கிவிட்டது.

போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். பிடுங்கினால் வகுப்பு முடியும் வரை மனசு அந்தக் கூடையில்தான் இருக்கும், அம்மா கூப்பிட்டால் பதிலும் சொல்ல முடியாது. சத்தத்தை அணைத்துப் பையில் போடு, என் போனும் என் பையில். நான் ஒரு முறை மறந்துபோய் வெளியே எடுத்துவிட்டேன், பதினான்கு விரல் ஒரே சமயத்தில் நீண்டது. அந்த வாரம் பாத்திரம் கழுவுவேன் என்று நானே சொல்லிக்கொண்டேன், வாய் தவறி. அதைத்தான் செய்யக் கூடாது என்று அப்புறம் உறைத்தது. பாத்திரம் கழுவுவதையும் மண்டபம் கூட்டுவதையும் தண்டனையாக்கினால், அடுத்து யார் துடைப்பத்தைத் தொட்டாலும், இவன் என்ன தப்பு செய்தான் என்று பார்ப்பார்கள். கூட்டுவது முறைப்படி எல்லோருக்கும் வரும், வடை மாதிரியே.

அடி, காதைத் திருகு என்கிற பேச்சே வேண்டாம். பழைய ஆட்கள் சிலர் இன்னும், எங்களை அடித்துத்தானே வளர்த்தார்கள் என்பார்கள். 2020ல் நிறைவேறிய சிறுவர் சட்டம் 2022ல் நடைமுறைக்கு வந்துவிட்டது, வீட்டில்கூட அடிக்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் சின்ன வயது வாத்தியார் பிரம்பால் எனக்கு ற, ர வித்தியாசம் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கும் ற எழுதும்போது உள்ளங்கை கூசுகிறது. எழுத்து மேல் பிரியம் வந்தது வேறொருவரிடம்.

ஆர்வத்தை எங்கே தேடுவது

தமிழின் பெருமை, தொன்மை என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கண் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அவர்கள் பையிலும் பெயரிலும் இருப்பதை எடுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குவது எப்போதும் பலிக்கிறது. நம் தாத்தாக்கள் கப்பலில் வந்து இறங்கியபோது குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிய குடும்பப் பெயர்கள் இன்றும் அப்படியே அடையாள அட்டையில் இருக்கின்றன. மூர்கென், சினாப்பென், வீராப்பென், திர்வெங்காடும், கானகசாபி. பலகையில் அதை எழுதி, உன் பெயர் உண்மையில் என்ன என்று கேளுங்கள். முருகன். சின்னப்பன். வீரப்பன். திருவேங்கடம், கனகசபை. ஒருவன் தன் பெயர் தீர்ந்ததும் கிரிக்கெட்காரனைப் போல ஓடிப்போய் அடுத்தவன் பெயரையும் பிரித்துவிட்டு வந்தான். அந்த ராத்திரி வீட்டில் அப்பாவுக்கு எழுதிக் காட்டியிருக்கிறார்கள். மூன்று அப்பாக்கள் எனக்குப் போன் செய்தார்கள், ஒருவருக்குக் குரல் சரியாக வரவில்லை.

அப்புறம் சமையலறை. நமக்குத் தமிழே தெரியாது என்பவளிடம், ரசத்துக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். ராசோன். கொத்தமல்லி? கோத்தோமிலி. கறிவேப்பிலை காரிபூலே, முருங்கைக்கீரை பிரேத் முரூம், பீர்க்கங்காய் பிப்பாங்காய். சீனக் கடைக்காரரும் பிரெஞ்சு வம்சத்துப் பெரிய மனுஷரும் சந்தையில் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள் என்று சொன்னதும், நாற்காலியில் சரிந்து கிடந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அப்போ எல்லாருமே தமிழ் பேசுறாங்களா மிஸ்?

மூன்றாவது, தின்பண்டம் வாங்குகிற காசு. நூறு ரூபாய் நோட்டை மேசை மேல் வையுங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், தமிழ் எண்ணும் இருக்கிறது, முகம் ரங்கநாதன் சீனிவாசன். தினம் பஸ்ஸிலும் கடையிலும் கைமாற்றுகிற தாள், அதில் எழுதியிருப்பதை வாசித்ததே இல்லை என்று அவர்களுக்கே ஆச்சரியம். 1998ல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், தமிழர்கள் கொதித்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999ல் பழைய வரிசைப்படி மறுபடி அச்சடித்தார்கள். இந்தக் கதையை நான் முழுக்கச் சொல்வதில்லை. அந்தக் காலத்து ஆட்களிடம் போய்க் கேட்டு வரச் சொல்வேன். தாத்தாவிடம் கேட்டு வந்தவர்களின் கதை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும், வகுப்பில் சண்டை வரும், சண்டை போட வார்த்தை வேண்டுமே, தேடுவார்கள்.

இதற்கெல்லாம் மார்க் உண்டா, எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்) பரீட்சைக்கு உதவுமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். உதவும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

தின்பண்டக் காசைப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைக்கிறோம். கணக்கு நோட்டும் பிள்ளைகள் கையில்தான், மாதம் ஒருவர், எல்லாம் தமிழில் எழுத வேண்டும். நான் மாதக் கடைசியில் கூட்டலை மட்டும் பார்ப்பேன். போன மாதக் கணக்குப்பிள்ளை எண்ணெய் வாங்கியதை, என்னை 1 போத்தல் என்று எழுதியிருந்தான். கீழே, என்னை மறுபடியும் 1 போத்தல். சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன், சிவப்புப் பேனா எடுக்கவில்லை. இந்த மாதம் முறை இன்னொரு பெண்ணுடையது. நோட்டைக் கையில் வாங்கியதும் முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற ரகம் அவள்.